டாஸ் 1 எங்கே போச்சு? ஆப்பிள் 2-இன் பிளாப்பி கதை

ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு வெளிவந்த முதல் டிஸ்க் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் பெயர் டாஸ் 3.1. வருஷம் 1978. டாஸ் 1 கிடையாது, டாஸ் 2 கிடையாது, எடுத்த எடுப்பிலேயே 3.1. இது ஏன் என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது. விடை ரொம்பச் சின்னது. ஆனால் அதைச் சுற்றி இருக்கிற கதை பெரிசு.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாஸ் என்றால் நம்ம ஊரில் பெரும்பாலானவர்களுக்கு மைக்ரோசாஃப்ட்டின் எம்எஸ்-டாஸ்தான் ஞாபகம் வரும். கறுப்புத் திரை, சி டிரைவ், டைப் அடித்தால் ஓடும் கட்டளைகள். உண்மையில் டாஸ் என்பது ஒரு கம்பெனியின் சரக்குப் பெயர் இல்லை, ஒரு பொதுப்பெயர். எழுபதுகளின் கடைசியில் ஒவ்வொரு வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் தனித்தனி டாஸ் இருந்தது. ஒன்றின் டிஸ்க்கை இன்னொன்றில் போட்டால் படிக்காது. அவற்றில் ஒன்றின் கதைதான் இது.

கேசட் காலம்

1977-இல் அமெரிக்காவில் மூன்று கம்ப்யூட்டர்கள் கடைக்கு வந்தன: ஆப்பிள் 2, கொமடோர் பெட், ரேடியோ ஷாக்கின் டிஆர்எஸ்-80. மூன்றுமே புரோகிராமைச் சேமிக்க நம்பியிருந்தது ஆடியோ கேசட்டைத்தான். பாட்டு கேட்கிற அதே கேசட்.

கேசட்டில் என்ன சங்கடம் என்று, டேப் ரிக்கார்டர் வைத்திருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாலாவது பாட்டு வேண்டும் என்றால் மூன்று பாட்டைத் தாண்டி ஓட்ட வேண்டும். கம்ப்யூட்டருக்கும் அதே கதிதான். ஆப்பிள் 2 கேசட்டிலிருந்து நொடிக்குச் சுமார் 1,500 பிட் படிக்கும். 16 கேபி புரோகிராம் ஒன்று ஏற ஒன்றரை நிமிஷம். வால்யூம் கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் பிழை என்று சொல்லிவிடும், திரும்ப முதலிலிருந்து.

விளையாட்டு புரோகிராமுக்கு இது பரவாயில்லை, ஒரு தடவை ஏற்றினால் சாயங்காலம் வரைக்கும் ஓடும். கணக்கு வழக்குக்கு ஆகாது. ஆப்பிளில் பணம் போட்டுப் பங்குதாரராகச் சேர்ந்த மைக் மார்க்குலா, தன் வங்கிக் காசோலைக் கணக்கைப் பார்த்துக்கொள்ள ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தார். புரோகிராமை ஏற்றவும் நேரம், அதற்குப் பிறகு கணக்குத் தகவலை ஏற்றவும் நேரம். செக் புத்தகத்தைக் கையால் புரட்டுவதே வேகம் என்று ஆகிவிட்டது. 1977 டிசம்பரில் நடந்த ஒரு கூட்டத்தில் கம்பெனி செய்ய வேண்டியவற்றின் பட்டியலைப் போட்டார் மார்க்குலா. முதல் வரியில் இருந்தது: பிளாப்பி டிஸ்க்.

எட்டு சிப்

வேலை ஸ்டீவ் வாஸ்னியாக்கிடம் வந்தது. 1978 ஜனவரியில் லாஸ் வேகாஸில் நுகர்வோர் மின்னணுக் கண்காட்சி. அங்கே காட்ட வேண்டும். இருந்தது சில வாரங்கள்தான்.

ஷுகார்ட் என்ற கம்பெனி 1976-இல் ஐந்தேகால் அங்குல பிளாப்பி டிரைவ் ஒன்றைக் கொண்டு வந்திருந்தது. எஸ்ஏ-400 என்று பெயர். வாஸ்னியாக் அதன் உள்ளே இருந்த சர்க்யூட் பலகையை எடுத்துப் பார்த்து, இதில் பாதிக்கு மேல் வேண்டாத சிப் என்று முடிவு கட்டினார். கடைசியில் ஷுகார்ட்டிடம் அந்தச் சர்க்யூட்கள் இல்லாத வெறும் டிரைவை வாங்கிக்கொண்டு, மிச்ச வேலையைத் தானே வடிவமைத்தார். டிரைவையும் கம்ப்யூட்டரையும் இணைக்கிற கன்ட்ரோலர் அட்டையில் இருந்தவை எட்டே சிப். அந்தக் காலத்து மற்றக் கன்ட்ரோலர்களில் டஜன் கணக்கில் சிப் இருக்கும்.

எப்படி முடிந்தது? வேலை காணாமல் போகவில்லை. சிப் செய்த வேலையைக் கம்ப்யூட்டரின் பிராசஸர் தலையில் கட்டிவிட்டார், அவ்வளவுதான். டிஸ்க் நிமிஷத்துக்கு 300 சுற்று சுற்றும். 4 மைக்ரோ விநாடிக்கு ஒரு பிட் வரும். அதாவது 32 மைக்ரோ விநாடிக்கு ஒரு பைட். ஆப்பிள் 2-இன் 6502 பிராசஸர் சுமார் 1 மெகாஹெர்ட்ஸில் ஓடுவது. ஆக ஒவ்வொரு பைட்டையும் வாங்கிப் பத்திரப்படுத்த அதற்குக் கிடைப்பது சுமார் 32 கடிகாரத் துடிப்புகள். அதற்குள் முடிக்காவிட்டால் அடுத்த பைட் போய்விடும். டிஸ்க்கைப் படிக்கிற நேரத்தில் அந்த பிராசஸர் வேறு எதையும் திரும்பிப் பார்க்க முடியாது.

இன்னொரு சிக்கனம்: படிக்கும் தலை இப்போது வெளிவிளிம்பில் இருக்கிறதா என்று சொல்கிற சென்சாரையும் தூக்கிவிட்டார். தலை எங்கே இருந்தாலும் சரி, ஆரம்பத்தில் அதைச் சுவரில் முட்டுகிற வரைக்கும் பின்னால் தள்ளு, முட்டின இடம் பூஜ்யம் என்று வைத்துக்கொள். ஆப்பிள் 2-ஐ ஆன் செய்ததும் டிரைவிலிருந்து வரும் அந்தக் கடகட சத்தம் இதுதான். ரிப்பேர் என்று பயந்தவர்கள் நிறைய பேர் இருந்திருப்பார்கள். சென்சார் வாங்காமல் மிச்சப்படுத்திய காசின் சத்தம் அது.

வாஸ்னியாக்கும் ராண்டி விக்கின்டன் என்ற இளைஞரும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு எல்லாம் பார்க்காமல் உழைத்தார்கள். லாஸ் வேகாஸுக்குப் போய்ச் சேர்ந்து, கண்காட்சிக்கு முந்தின இரவு, எல்லாம் ஓடுகிறது என்று ஆன பிறகு, முன்ஜாக்கிரதையாக இன்னொரு பிரதி எடுத்து வைக்கலாம் என்று நினைத்தார் வாஸ்னியாக். இரண்டு டிஸ்க்கிலும் பெயர் எழுதவில்லை. வெற்று டிஸ்க்கை நல்ல டிஸ்க்கின் மேல் பிரதி எடுத்துவிட்டார். எல்லாம் போச்சு. திரும்ப உட்கார்ந்து எழுதினார்கள்.

இந்தச் சம்பவத்தை வேடிக்கையாகச் சொல்வது வழக்கம். ஆனால் அதில் நம் கதைக்கு வேண்டிய ஒரு சங்கதி இருக்கிறது. அந்த டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று கம்ப்யூட்டரைக் கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. டிரைவ் இருந்தது, டாஸ் இல்லை.

கணக்குப்பிள்ளை தேவை

இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் முழுக் கதையும் இதில்தான் நிற்கிறது.

ஆப்பிளின் டிஸ்க்கில் 35 ட்ராக், அதாவது ஒன்றுக்குள் ஒன்றாக 35 வட்டம். ஒவ்வொரு வட்டமும் 13 செக்டர், ஒவ்வொரு செக்டரிலும் 256 பைட். பெருக்கிப் பார்த்தால் 1,16,480 பைட். வாஸ்னியாக்கும் விக்கின்டனும் எழுதியது, 'இந்த ட்ராக்கில் இந்த செக்டரைப் படி', 'இந்த செக்டரில் எழுது' என்பதற்கான நிரல். இது கிடங்குக்குள் பெட்டிகளை எடுத்து வைக்கத் தெரிந்த ஆள் மாதிரி. எந்தப் பெட்டியில் யார் சரக்கு, எது காலி, ஒரு சரக்கு ஆறு பெட்டியில் பிரிந்து கிடந்தால் எந்த வரிசையில் எடுப்பது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. அதற்குப் பேரேடு வைத்திருக்கிற கணக்குப்பிள்ளை வேண்டும். டாஸ் என்பது அந்தக் கணக்குப்பிள்ளை.

ஆப்பிள் இந்த வேலையை வெளியே கொடுத்தது. ஷெப்பர்ட்சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற சின்ன கம்பெனி. அங்கே வேலை பார்த்த பால் லாட்டன் என்ற புரோகிராமர். 1978 ஏப்ரல் 10-ஆம் தேதி ஒப்பந்தம். தொகை 13,000 டாலர். 5,200 முன்பணம், மீதி 7,800 வேலை முடிந்ததும். கொடுக்க வேண்டியவை: ஃபைல்களை நிர்வகிக்கும் பகுதி, பேசிக் மொழியோடு அதை இணைக்கும் பகுதி, பிரதி எடுக்கவும் மீட்கவும் சில துணை புரோகிராம்கள். கெடு: மே 15. அதாவது 35 நாள்.

எப்படி எழுதினார் தெரியுமா? முதலில் தாளில், கையால். பிறகு அதை அட்டைகளில் துளையிட்டார்கள். நேஷனல் செமிகண்டக்டரின் ஐஎம்பி-16 என்ற கம்ப்யூட்டர் அந்த அட்டைகளைப் படித்து, மொழிமாற்றி, துளையிட்ட காகித நாடாவாகக் கொடுக்கும். அந்த நாடாவைப் படித்து ஆப்பிள் 2-க்குள் ஏற்ற வாஸ்னியாக் ஒரு அட்டை செய்து கொடுத்தார். ஓட்டிப் பார்ப்பது, தப்பு கண்டால் திரும்பத் தாளுக்குப் போவது. டிஸ்க் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை எழுதியவர் கையில் டிஸ்க்கில் ஓடும் எடிட்டர் கிடையாது. இருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே இருந்திருக்காதே!

ஒவ்வொரு தடவை மொழிமாற்றும்போதும் லாட்டன் பதிப்பு எண்ணைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டே வந்தார். 0.1-இல் ஆரம்பித்தது 2.8 வரை போனது. சோதனைக்குக் கொடுத்தது 3.0. அதில் திருத்தம் செய்து ஆப்பிள் வெளியிட்டது 3.1. ஆக டாஸ் 1-ம் 2-ம் எங்கேயும் போகவில்லை. துளை போட்ட அட்டைகளாகவும் காகிதச் சுருளாகவும் ஒரு புரோகிராமர் மேஜையில் இருந்தன.

டாஸ் எங்கே உட்கார்ந்தது

லாட்டனுக்கு ஒரு தர்மசங்கடம். ஆப்பிள் 2-இல் பேசிக் மொழி ஏற்கெனவே ராமில், அதாவது அழிக்க முடியாத சிப்பில், எரிக்கப்பட்டு விற்றாகிவிட்டது. அதில் டிஸ்க்குக்கான கட்டளையே கிடையாது. உள்ளே கை வைக்கவும் முடியாது.

அவர் கண்ட வழி எளிமையானது. ஆப்பிள் 2-இல் கீபோர்டிலிருந்து எழுத்து வருவதும் திரைக்கு எழுத்து போவதும் மெமரியில் இருக்கிற இரண்டு முகவரிகள் வழியாக நடக்கும். டாஸ் அந்த இரண்டையும் தன் பக்கம் திருப்பிவிட்டது. இனி நீங்கள் எதை டைப் அடித்தாலும் முதலில் டாஸ் பார்க்கும். 'கேட்டலாக்' என்றால் அது தன் கட்டளை, ஃபைல் பட்டியலைக் காட்டும். தனக்குத் தெரியாததை மட்டும் பேசிக்கிடம் விடும். வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களை விசாரித்து உள்ளே அனுப்புகிற ஆள் மாதிரி. உள்ளே இருக்கிற பேசிக்குக்கு இப்படி ஒருவர் வாசலில் இருக்கிறார் என்பதே தெரியாது.

ஓடுகிற புரோகிராமிலிருந்து ஃபைலைத் திறக்க? அதற்கும் அதே வாசல்தான். 'கண்ட்ரோல்-டி' என்ற ஒரு மறைவான எழுத்தை முன்னால் போட்டு, கட்டளையைத் திரைக்கு அச்சிடுவது போல அச்சிட வேண்டும். வரியின் தொடக்கத்தில் கண்ட்ரோல்-டி வந்தால், இது திரைக்கு இல்லை எனக்கு என்று டாஸ் பிடித்துக்கொள்ளும். முந்தின வரி சரியாக முடியாமல் இருந்தால் பிடிக்காது. கட்டளை அப்படியே திரையில் எழுத்தாக வந்து நிற்கும். பேசிக் கற்றுக்கொண்ட எத்தனையோ பேர் இதில் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

பேரேட்டை வைத்தது 17-ஆவது ட்ராக்கில். 0 முதல் 34 வரை எண்ணினால் அது நட்டநடு. தலை எந்த ஓரத்தில் இருந்தாலும் பேரேட்டுக்கு வர அதிக தூரம் இல்லை. எந்த செக்டர் காலி, எது நிரம்பியது என்பதை செக்டருக்கு ஒரு பிட் வீதம் குறித்துக்கொண்டது. ஃபைலை அழித்தால் உள்ளே இருப்பதை அழிப்பதில்லை. பேரேட்டில் அந்த வரிக்கு ஒரு அடையாளம் போட்டு, அந்த செக்டர்களைக் காலி என்று எழுதிக்கொள்ளும். மேலே வேறு எதையும் எழுதாத வரைக்கும் திருப்பி எடுத்துவிடலாம்.

இத்தனைக்கும் அது எடுத்துக்கொண்ட மெமரி, 48 கேபி உள்ள இயந்திரத்தில், பத்தரை கேபி. 1977-இல் ஆப்பிள் 2-இன் அடிப்படை மாடலின் மொத்த மெமரியே 4 கேபிதான் என்பதை நினைத்துப் பார்த்தால் இது கொஞ்சமில்லை. வீட்டில் கால்வாசியைக் கணக்குப்பிள்ளைக்குக் கொடுத்த மாதிரி.

மிச்சம் பிடித்ததன் விலை

1978 நடுவில் டிஸ்க் 2 என்ற பெயரில் டிரைவ் விற்பனைக்கு வந்தது. முன்பதிவுக்கு 495 டாலர், பிறகு 595, கன்ட்ரோலர் அட்டையோடு சேர்த்து. அடுத்த வருஷம், 1979 அக்டோபரில், விசிகால்க் வந்தது. டான் பிரிக்லினும் பாப் ஃப்ராங்ஸ்டனும் எழுதிய அட்டவணைக் கணக்கு புரோகிராம். முதல் ஒரு வருஷம் ஆப்பிள் 2-இல் மட்டும்தான் ஓடியது. சின்ன வியாபாரிகளும் கணக்காளர்களும் ஆப்பிள் 2 வாங்கக் கடைக்கு வந்ததற்கு இது பெரிய காரணம். டிஸ்க்கும் ஃபைலும் இல்லாமல் இந்த மாதிரி வேலையை யாரும் தினசரி செய்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

வாஸ்னியாக்கின் சிக்கனம் நல்லதும் கெட்டதும் சேர்த்தே கொடுத்தது. நல்லது என்னவென்றால், வேலையெல்லாம் மென்பொருளில் இருந்ததால் மாற்றுவது சுலபம். தொடக்கத்தில் டிஸ்க்கில் எழுதும் ஒவ்வொரு பைட்டிலும் 5 பிட் தகவலை மட்டும் ஏற்ற முடிந்தது. 256 பைட்டைச் சேமிக்க 410 பைட் எழுத வேண்டும். பிறகு குறியீட்டு முறையைக் கொஞ்சம் திருத்தி 6 பிட் ஏற்றினார்கள். 410 என்பது 342 ஆனது. வட்டத்துக்கு 13 செக்டர் 16 ஆனது. 1980 ஆகஸ்டில் டாஸ் 3.3 வந்தபோது அதோடு இரண்டு சின்ன சிப்பும் வந்தன. கன்ட்ரோலரில் பழையதைப் பிடுங்கிவிட்டு இதைச் சொருகினால், அதே டிரைவ், அதே டிஸ்க், 113.75 கேபி இருந்த இடத்தில் 140 கேபி! பழைய டிஸ்க்கிலிருந்து ஃபைல்களை மாற்ற 'மஃபின்' என்று ஒரு புரோகிராமும் கொடுத்தார்கள்.

கெட்டது என்னவென்றால், அந்த 32 துடிப்புக் கணக்கு இயந்திரத்தின் காலில் கட்டிய கயிறாக ஆனது. பின்னாளில் வேகமான பிராசஸர் அட்டைகள் வந்தபோதும், டிஸ்க்கைத் தொடும் நேரத்தில் பழைய வேகத்துக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். இன்னொரு பக்கம், செக்டர் எப்படி இருக்க வேண்டும் என்பதே மென்பொருளின் கையில் இருந்ததால், விளையாட்டு விற்ற கம்பெனிகள் யாரும் பிரதி எடுக்கக் கூடாது என்று தங்கள் இஷ்டத்துக்கு டிஸ்க் வடிவத்தை மாற்றின. அதையும் பிரதி எடுக்க லாக்ஸ்மித் போன்ற புரோகிராம்கள் வந்தன. பூட்டும் சாவியும் மாறி மாறி வளர்ந்தன.

இதற்கு நேர் எதிரான வழியை எடுத்தது கொமடோர். அவர்களுடைய 1541 டிரைவுக்குள் தனியாக ஒரு 6502 பிராசஸர், 2 கேபி மெமரி, 16 கேபி ராமில் டாஸ். டிரைவே ஒரு கம்ப்யூட்டர். கம்ப்யூட்டரின் மெமரியில் டாஸ் பத்து கேபி அடைக்க வேண்டாம். ஆனால் இரண்டுக்கும் நடுவே இருந்த கம்பி வழியாகத் தகவல் பிட் பிட்டாக நகர்ந்தது. கொமடோர் 64 வாங்கியவர்கள் விளையாட்டு ஏறுவதற்குள் டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம். இதிலும் ஒரு வேடிக்கை: டிரைவுக்குள் பிராசஸர் இருப்பதால், அதற்குள்ளேயே தங்கள் நிரலை அனுப்பி ஓடவிட்டு வேகத்தைப் பல மடங்கு ஏற்றினார்கள் சில கெட்டிக்காரர்கள். பேரேட்டை மட்டும் கொமடோரும் நடுவில்தான் வைத்தது, 18-ஆவது ட்ராக்கில். அங்கே எண்ணுவது 1-லிருந்து, ஆக அதே நட்டநடு வட்டம்.

13,000 டாலர்

கடைசியாக அந்தத் தொகைக்கு வருகிறேன். டிஸ்க் 2-இன் 595 டாலர் விலையில் பார்த்தால், 13,000 என்பது 22 டிரைவ் விற்ற காசு. அந்தக் காலத்தில் மென்பொருள் என்பது வன்பொருளோடு கொசுறாகப் போகிற சாமான். ஒரு தடவை காசு கொடுத்து எழுதி வாங்கிவிட்டால் முடிந்தது.

மூன்று வருஷம் கழித்து, 1981 ஜூலையில், சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் என்ற கம்பெனியிடமிருந்து டிம் பேட்டர்சன் எழுதிய 86-டாஸை மைக்ரோசாஃப்ட் 50,000 டாலருக்கு மொத்தமாக வாங்கியது. அடுத்த மாதம் ஐபிஎம் பிசி வந்தது. இங்கேயும் எழுதியவர் ஒருவர், விற்றவர் ஒருவர். ஆனால் வாங்கியவர் செய்ததில் ஒரு வித்தியாசம் உண்டு. மைக்ரோசாஃப்ட் அதை ஐபிஎம்முக்கு மட்டும் என்று எழுதிக் கொடுக்காமல், மற்றக் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கும் விற்கும் உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. ஆப்பிளின் டாஸ் ஆப்பிளின் டிரைவை விற்க உதவியது. மைக்ரோசாஃப்ட்டின் டாஸ் தானே விற்பனைச் சரக்காக ஆனது. நமக்கு டாஸ் என்றதும் ஒரே ஒரு பெயர் ஞாபகம் வருவதற்குக் காரணம் இதுதான்.

ஷெப்பர்ட்சன் கம்பெனி அதோடு நிற்கவில்லை. ஆட்டாரி 400, 800 கம்ப்யூட்டர்களுக்கு பேசிக் மொழியும் ஃபைல் நிர்வாகமும் எழுதிக் கொடுத்ததும் அவர்கள்தான், லாட்டனும் அதில் உண்டு. போட்டிக் கம்பெனிகள் இரண்டுக்கு ஒரே இடத்தில் எழுதிய டாஸ்! 1983-இல் ஆப்பிள் புரோடாஸைக் கொண்டு வந்தது. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வைக்கும் வசதி அதில் வந்தது. டாஸ் 3.3 மெல்ல ஓய்ந்தது.

2013 நவம்பரில் கலிஃபோர்னியாவில் உள்ள கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகம், ஆப்பிளின் அனுமதியோடு, அந்த 1978 டாஸின் மூல நிரலைப் பொதுவில் வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் இப்போது அதைப் படிக்கலாம். அசெம்பிளி மொழி தெரியாதவர்களும் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். உங்கள் போனில் ஒரு படத்தைச் சேமித்தால் காலி இடம் தேடுவதும், பேரேட்டில் பெயர் எழுதுவதும், அழித்தால் வரியை மட்டும் அடிப்பதும் இன்றைக்கும் கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான். அதை ஒரு மனிதர் 35 நாள் கெடுவில் பென்சிலால் தாளில் எழுதினால் எப்படி இருக்கும் என்பது அந்தப் பக்கங்களில் தெரிகிறது.